மூலிகைச் சாறும் எலியின் வாலும்: வலிநீக்கி தேடிய வரலாறு

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது ஹாஸ்டல் நினைவுகள்தான். அதை எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவும் எழுதுவார்கள். வேதியியல் படித்தவன் என்ற உரிமையில் நான் வேறொரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். முன்னாள் மாணவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இப்போது படிக்கிற தம்பி, தங்கைகள் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் போனால் இடது பக்கம் முழுக்க மலை. அய்யனார் கோயில், செண்பகத்தோப்பு, வத்திராயிருப்புப் பக்கம் தாணிப்பாறை, அதற்கு மேலே சதுரகிரி. "சதுரகிரியில இல்லாத மூலிகையா?" என்று கேட்காத ஆள் நம்ம பக்கத்தில் கிடையாது. மூட்டுவலிக்கு முடக்கத்தான் தோசை, வீக்கத்துக்கு நொச்சித் தழை ஒத்தடம், வாதத்துக்கு வாதநாராயணன் கீரை, எலும்புக்குப் பிரண்டைத் துவையல் என்று நம் வீட்டு அடுப்படியே பாதி வைத்தியசாலை. சரி, இத்தனை இருந்தும் இந்த மலையடிவாரத்திலிருந்து, நம் கல்லூரிகளின் பரிசோதனைச் சாலைகளிலிருந்து, உலகம் வாங்கி விழுங்கும் ஒரு வலி மாத்திரை ஏன் வரவில்லை? இந்தக் கேள்வி ரொம்ப நாளாக என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. இதற்குப் பதில் தேடப் போனால் வரலாற்றைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

நம் மூலிகைகளை அச்சில் ஏற்றும் வேலை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஒயிட்லா ஐன்ஸ்லி, 1813-இல் சென்னையில் ஒரு பெரிய மருந்துப் பொருள் நூலை வெளியிட்டார். அதில் சரக்குகளின் தமிழ்ப் பெயர்களையும் சேர்த்தே கொடுத்தார். பிறகு திருவல்லிக்கேணி மருந்தகத்தில் பணியாற்றிய முகைதீன் ஷெரிப் 1869-இல் இந்திய மருந்து நூலுக்கு ஒரு துணை நூல் எழுதினார். அதற்கும் பிறகு பம்பாயிலிருந்து டைமாக், கல்கத்தாவிலிருந்து வார்டன், நம் ஊட்டியில் சிங்கோனா ஆய்வாளராக இருந்த டேவிட் ஹூப்பர் என மூவர் சேர்ந்து 'பார்மகோகிராபியா இண்டிகா' என்ற தொகுதிகளை 1893-க்குள் முடித்தார்கள். ஆக, பட்டியல் என்று பார்த்தால் நமக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பட்டியல் வேறு, மருந்து வேறு.

பட்டியல் மருந்தாவது எப்படி என்பதற்கு ஐரோப்பாவின் இரண்டு கதைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அபினிப் பாலிலிருந்து மார்பினைப் பிரித்தவர் செர்ட்டூர்னர் என்ற ஜெர்மானிய மருந்துக்கடை உதவியாளர்; காலம் 1805 வாக்கில். வில்லோ மரப்பட்டைப் பொடியைக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதியவர் எட்வர்ட் ஸ்டோன் என்ற பாதிரியார், அது 1763. அந்தப் பட்டையிலிருந்து சாலிசின் 1828-இல் கிடைத்தது. அதன் வழிவந்த ஆஸ்பிரினை ஹோஃப்மன் 1897-இல் செய்தார். அது உடம்பில் என்ன செய்கிறது என்று ஜான் வேன் கண்டுபிடித்தது 1971-இல். பாதிரியார் கடிதத்துக்கும் வேன் கண்டுபிடிப்புக்கும் இடையே 208 ஆண்டுகள்! ஒரே மரத்தை விடாமல் தலைமுறை தலைமுறையாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நம் மண்ணில் விளைகிற ஒரு செடிக்கும் இதே மாதிரிக் கதை இருக்கிறது. நம்மில் பலருக்கு அது தெரியாது. கண்வலிக்கிழங்கைத்தான் சொல்கிறேன். செங்காந்தள், கலப்பைக் கிழங்கு என்றும் பெயர் உண்டு. தமிழ்நாட்டின் மாநில மலர். பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்று கிராமத்தில் பிள்ளைகளை மிரட்டுவார்கள். மிரட்டலில் அர்த்தம் இருக்கிறது. செடி முழுக்க விஷம். கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்துச் சமைத்துச் சாப்பிட்டு ஆபத்தில் முடிந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

இந்தக் கிழங்கிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வார்டன் ஒரு கசப்புப் பொருளைப் பிரித்து 'சூப்பர்பைன்' என்று பெயர் வைத்தார். அது தனிப் பொருள் என்றே கருதப்பட்டது. 1915-இல் கிளீவர், கிரீன், டூட்டின் என்ற மூன்று வேதியியலாளர்கள் கிழங்கை மறுபடி அலசி, இதில் இருப்பது கோல்சிசின் என்று காட்டினார்கள். கோல்சிசின் புதுப் பொருள் அல்ல. ஐரோப்பாவில் கவுட் எனும் மூட்டுவாதத்துக்குக் காலங்காலமாகப் பயன்பட்ட கோல்சிகம் என்ற வேறொரு செடியிலிருந்து, பெல்லட்டியேயும் காவந்துவும் 1820-இலேயே அதைப் பிரித்துவிட்டார்கள். குயினைனைப் பிரித்ததும் இதே இருவர்தான். கால் கட்டைவிரல் நெருப்பாய்ச் சிவந்து, மேலே போர்வை பட்டாலும் அலறவைக்கிற வலி அது. அதற்கான மருந்து நம் வேலியோரத்தில் படர்ந்து கிடந்திருக்கிறது.

கோல்சிசின் எப்படி வேலை செய்கிறது என்று தேடியபோது, அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று கிடைத்தது. உயிரணுவுக்குள் கோல்சிசின் எதைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது என்று 1960-களில் தேடியவர்களுக்குச் சிக்கியது டியூபுலின் என்ற புரதம். உயிரணுவின் உள் சாரக்கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். யூரிக் அமிலப் படிகத்தைத் தாக்க மூட்டுக்குள் ஓடிவரும் வெள்ளணுக்களுக்கு இந்தச் சாரம் வேண்டும். கோல்சிசின் சாரத்தைக் கட்டவிடாமல் செய்கிறது. வெள்ளணுக்களின் ஆர்ப்பாட்டம் அடங்குகிறது. வீக்கமும் வலியும் இறங்குகின்றன. தாவரவியல்காரர்கள் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கக் கோல்சிசின் தடவுவதும் இதே காரணத்தால்தான். அதே மருந்து மிகக் குறைந்த அளவில் மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கவும் 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இங்கே ஒரு கசப்பான கணக்கையும் சொல்ல வேண்டும். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகள் கம்பிப் பந்தலில் கண்வலிக்கிழங்கை ஏற்றி, காலையில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் சேர்த்து, விதை எடுத்து விற்கிறார்கள். விதைதான் கோல்சிசினுக்கு மூலப்பொருள். 2009-இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் இந்தப் பழைய மருந்துக்குப் புதிதாக அனுமதி வாங்கித் தனியுரிமை பெற்றது. அதுவரை சுமார் 9 சென்ட்டுக்கு விற்ற மாத்திரை ஏறத்தாழ 5 டாலர் ஆனது. விதையின் விலை அப்படி ஏறியதா என்று மூலனூர்ப் பக்கம் போய்க் கேட்டுப் பாருங்கள்!

இனி எலிக்கு வருவோம். வலி என்பது வாய்விட்டுச் சொன்னால்தான் தெரியும். எலி சொல்லுமா? அதனால் சொல்லாமலே தெரிந்துகொள்ளச் சில சோதனைகளை உண்டாக்கினார்கள். 1941-இல் டாமர், ஸ்மித் இருவரும் எலியின் வாலில் சூடான ஒளியைப் பாய்ச்சி, எத்தனை நொடியில் வாலைச் சுண்டி இழுக்கிறது என்று அளந்தார்கள். 1944-இல் சூடான தட்டு வந்தது. சுமார் 55 டிகிரி சூட்டில் சுண்டெலியை விட்டு, பாதத்தை எப்போது நக்குகிறது, எப்போது துள்ளுகிறது என்று பார்ப்பது. பாதம் புண்ணாகாமல் இருக்க, குறிப்பிட்ட நொடியில் எடுத்துவிட வேண்டும். 1950-களின் கடைசியில், வயிற்றுக்குள் அசெட்டிக் அமிலம் ஏற்றி, சுண்டெலி எத்தனை முறை வயிற்றை முறுக்கி நெளிகிறது என்று எண்ணும் முறை வந்தது. 1962-இல் கடல்பாசியிலிருந்து எடுத்த காராஜீனனைப் பாதத்தில் ஏற்றி வீக்கத்தை அளக்கும் முறையும் சேர்ந்தது. சூட்டுச் சோதனைகள் மார்பின் மாதிரி மூளையிலும் முதுகுத்தண்டிலும் வேலை செய்யும் மருந்தைக் காட்டும். நெளியும் சோதனை ஆஸ்பிரின் மாதிரி மருந்தையும் காட்டும்.

இந்தியா முழுக்க எம்.பார்ம்., எம்.பில். ஆய்வேடுகளில் இந்த நான்கும் சுற்றிச் சுற்றி வரும். நம் வட்டாரமும் விலக்கில்லை. நான் புரட்டிய ஆய்வேடுகளுக்கு அச்சில் வார்த்த மாதிரி ஒரே உருவம்தான். செடியைப் பறி, நிழலில் உலர்த்து, பொடியாக்கு, சாக்ஸ்லெட்டில் மெத்தனாலோடு ஏற்று, எக்ஸ்ட்ராக்டை வற்றவிடு, சுண்டெலிக்கு 200 மில்லிகிராம், 400 மில்லிகிராம் என்று கொடு, ஆஸ்பிரினோடு ஒப்பிடு. கடைசிப் பக்கத்தில் "குறிப்பிடத்தக்க வலிநீக்கும் தன்மை உள்ளது, மேலும் ஆய்வு தேவை" என்று முடி. அந்த 'மேலும் ஆய்வு' மட்டும் அடுத்த ஆண்டு நடப்பதில்லை. அடுத்த ஆண்டு மாணவர் அடுத்த செடிக்குப் போய்விடுகிறார். பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. ஆறு மாத அவகாசம், ஆளுக்கொரு புதுத் தலைப்பு என்று விதி இருந்தால் யாராயிருந்தாலும் இதைத்தான் செய்வார்கள். ஆனால் வலிநீக்கி நம் கையில் சிக்காததற்குப் பாதிக் காரணம் இந்த விதிதான் என்பது என் அபிப்பிராயம்.

மீதிப் பாதி, சோதனையின் உள்ளே இருக்கிறது. தூக்க மயக்கத்தில் இருக்கும் எலியும் பாதத்தை நக்காது. அதை வலி குறைந்ததாக எண்ணிவிடக் கூடாது. அதனால் சுழலும் தண்டின் மேல் எலியை ஏற்றி, தடுமாறாமல் நிற்கிறதா என்று தனியே பார்க்க வேண்டும். நெளியும் சோதனை இன்னும் ஏமாற்றுக்காரச் சோதனை. வலிநீக்கியே அல்லாத பல பொருள்களும் அதில் 'பாஸ்' ஆகிவிடும். இன்னொன்று, எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது. நம் பாட்டி நொச்சித் தழையைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு வேது பிடிக்கச் சொன்னாள். வதக்கி ஒத்தடம் கொடுத்தாள். மெத்தனாலில் வடித்து விழுங்கச் சொல்லவில்லையே! ஆவியில் பறக்கும் எண்ணெய் வேறு, மெத்தனாலில் இறங்கும் சரக்கு வேறு. பாட்டியின் மருந்தைச் சோதித்தோம் என்று சொல்லிக்கொண்டு நாம் சோதித்தது வேறொரு பொருளை. இலங்கை ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட நொச்சி ஆய்வில் முற்றிய பச்சை இலையைத் தண்ணீரில் வடித்தே எலிகளுக்குக் கொடுத்தார்கள். வலியும் வீக்கமும் குறைந்ததோடு நிற்காமல், எந்த வழியில் குறைகிறது என்றும் தேடினார்கள். சும்மா சொல்லக் கூடாது, அது நல்ல வேலை.

"எந்த வழியில்?" என்ற இந்தக் கேள்வியை விடாமல் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு மிளகாயைவிட நல்ல சாட்சி இல்லை. விருதுநகர் மாவட்டத்துக்காரன் மிளகாயைப் பற்றிப் பேசாமல் கட்டுரையை முடித்தால் நன்றாகவா இருக்கும்? ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். வத்தல் நம்ம ஊர் அடையாளமே ஒழிய, மிளகாய் நம்ம ஊர்ச் செடி அல்ல. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் மூலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதற்கு முன் நம் காரமெல்லாம் மிளகுதான்.

மிளகாயின் காரச் சத்தை 1816-இல் பூக்கோல்ஸ் அரைகுறையாகப் பிரித்தார். 1876-இல் திரெஷ் ஏறக்குறையச் சுத்தமாகப் பிரித்து 'கேப்சைசின்' என்று பெயரிட்டார். இரண்டே ஆண்டில் ஹங்கேரியின் ஹோக்யெஸ், இது நேரடியாக உணர்ச்சி நரம்புகளைத் தாக்குகிறது என்று எழுதினார். அதன் வேதியமைப்பை நெல்சன் 1919-இல் சொன்னார். 1940-களில் அதே ஹங்கேரியில், செகெட் நகரில், மிக்லோஸ் யான்சோ ஒரு விசித்திரத்தைப் பார்த்தார். கேப்சைசினைத் திரும்பத் திரும்பக் கொடுத்த விலங்குகளுக்கு மற்ற எரிச்சல் பொருள்களின் வலியும் தெரியாமல் போய்விட்டது. எரிக்கிற பொருளே எரிச்சலை மரத்துப்போகச் செய்கிறது! நம் தாத்தாக்கள் மிளகாய்ப் பற்று போட்டதும், முள்ளை முள்ளால் எடுப்பது என்று நாம் சொல்வதும் நினைவுக்கு வருகின்றன.

அதற்கும் பின் ஐம்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1997-இல் கலிபோர்னியாவில் டேவிட் ஜூலியஸ் குழுவினர், எலியின் உணர்ச்சி நரம்பில் இயங்கும் ஆயிரக்கணக்கான மரபணுக்களைத் தொகுதி தொகுதியாக, மிளகாய் தெரியாத சாதாரண உயிரணுக்களுக்குள் செலுத்தினார்கள். பிறகு கேப்சைசினை ஊற்றி, எது விழித்துக்கொள்கிறது என்று பார்த்தார்கள். ஒன்று விழித்தது. அதுதான் டி.ஆர்.பி.வி.1 என்று இன்று அழைக்கப்படும் வாயில். நரம்பு நுனியில் இருக்கும் இந்த வாயில் கேப்சைசின் பட்டாலும் திறக்கும். 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டாலும் திறக்கும். காரம் சாப்பிட்டால் 'வாய் வேகுது' என்று நாம் சொல்வது உவமை இல்லை ஐயா, உடற்கூறு! இதற்காக ஜூலியஸ், ஆர்டெம் பட்டாபூட்டியனோடு சேர்ந்து 2021-இல் நோபல் பரிசு பெற்றார்.

பறவைகளின் டி.ஆர்.பி.வி.1 கேப்சைசினைக் கண்டுகொள்வதில்லை என்றும் 2002-இல் காட்டினார்கள். கிளி மிளகாய்ப் பழத்தை ரசித்துத் தின்பதன் ரகசியம் அதுதான். ஆண்டாள் கையில் தினமும் புதிதாகச் செய்து வைக்கிற இலைக்கிளியைப் பார்த்து வளர்ந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இந்தச் செய்தி இனிக்கும் என்று நினைக்கிறேன்.

மருந்து வந்ததா? வந்தது. அக்கி வந்து போன பிறகு மாதக்கணக்கில் எரிகிற நரம்பு வலிக்கு, 8 சதவீதக் கேப்சைசின் பட்டி 2009-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மருத்துவர் முன்னிலையில் ஒரு மணி நேரம் ஒட்டி எடுத்தால், மூன்று மாதம் வரை வலி தணியலாம். உடனே மருந்துக் கம்பெனிகள், வாயிலையே பூட்டிவிடும் மாத்திரை செய்யலாமே என்று கிளம்பின. அங்கேதான் சறுக்கல். அந்த மாத்திரைகளை விழுங்கிய சிலருக்கு உடல் வெப்பம் ஏறியது. சிலருக்குச் சுடுகிற சூடே சரியாக உறைக்கவில்லை. வலியைத் தரும் வாயில்தான் காவல்காரனும் என்று அப்போது புரிந்தது.

ஓர் ஆதங்கத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வத்தல் விருதுநகரில் கமிஷன் மண்டியில் கிடக்கிறது. காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணியோ ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறி தறியாக நெய்யப்பட்டு நாடெங்கும் போகிறது. இரண்டுக்கும் இடையே ஒரு மணி நேரப் பயணம். நடுவில் இருக்க வேண்டிய ஆராய்ச்சிக்குப் பெயர் கல்லூரி.

ஆராய்ச்சி செய்யப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கைக் கதையும் உண்டு. 2013-இல் பிரான்சு, கேமரூன் ஆய்வாளர்கள் நாக்லியா என்ற ஆப்பிரிக்க மரத்தின் வேர்ப்பட்டையில் டிரமடால் இருப்பதாக வெளியிட்டார்கள். டிரமடால் மனிதன் செய்த வலி மாத்திரை. அதை மரமே செய்கிறது என்றால் சும்மாவா? உலகமே கைதட்டியது. அடுத்த ஆண்டே ஜெர்மனியின் ஸ்பிட்டெல்லர் குழுவினர் மண்ணையும் தண்ணீரையும் வேறு செடிகளையும் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் டிரமடால். அந்தப் பகுதியில் உழவு மாடுகளுக்கு டிரமடால் கொடுப்பது வழக்கம் என்றும், மாட்டின் மூத்திரம் வழியாக மண்ணுக்குப் போய் வேருக்கு ஏறியது என்றும் விளக்கினார்கள். முதல் குழு அதை மறுத்து வாதாடியது. ஆனாலும் பக்கத்துச் செடியையும் அடிமண்ணையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் உறைத்தது. நம் மலையடிவாரத்தில் மாடு மேயாத இடம் எது?

மலை என்றதும் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட நம் மலை, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமானது. நினைத்தபோது கோணிப்பையோடு ஏறி வேரைத் தோண்டும் காலம் போய்விட்டது. வனத்துறை அனுமதி வேண்டும். எலிகளுக்கும் 1998 விதிகளின்படி கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதல் வேண்டும். இவை தடை என்று சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குறைந்த செடிகளை எடுத்து நிதானமாகப் பார்க்க இவையே நம்மைத் தள்ளும்.

அந்தச் செடிகளை நமக்குக் காட்டுகிறவர்கள் பளியர்கள். அகத்தியர் மலையில் 1987-இல் காணி மக்கள் ஆரோக்கியப்பச்சை என்ற செடியைப் பாலோடு தாவரவியல் தோட்ட விஞ்ஞானிகளுக்குக் காட்டினார்கள். அதிலிருந்து 'ஜீவனி' என்ற சத்து மருந்து உருவாகி, கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் தரப்பட்டது. வருமானத்தில் ஒரு பங்கு காணி மக்களுக்கென்று 1997-இல் பதிவான அறக்கட்டளைக்குப் போனது. குறைகள் சொல்லப்பட்டாலும் அது ஒரு முன்மாதிரி. 2002-இன் பல்லுயிர்ச் சட்டம் இந்தப் பங்கீட்டை விதியாக்கியது. 2023-இல் வந்த திருத்தம், நூல்களில் தொகுக்கப்பட்ட மரபு அறிவைப் பயன்படுத்துவோருக்கு இந்தப் பங்கீட்டிலிருந்து விலக்கு அளித்தது. பளியர் அறிவு நூலில் இல்லை, வாய்மொழியில் இருக்கிறது. எனவே அது யாரிடமிருந்து வந்தது என்பதை முதலில் எழுதிவைக்கிறவர்கள் நம் மாணவர்கள்தான்.

நம் ஆய்வேடுகளின் நன்றியுரைப் பக்கத்தைப் பாருங்கள். வழிகாட்டி, துறைத்தலைவர், முதல்வர், அப்பா அம்மா, டைப் அடித்துக் கொடுத்தவர் வரை பெயர் இருக்கும். செடியைக் காட்டியவர் மட்டும் 'மலைவாழ் மக்கள்' என்று இரண்டு சொல்லில் அடங்கிவிடுவார். அடுத்த ஆய்வேட்டில், அவர் சம்மதித்தால், அவர் பெயர், குடியிருப்பு, பறித்த மாதம், இலையா வேரா, அரைத்தாரா காய்ச்சினாரா, குடித்தாரா பூசினாரா என்பதையெல்லாம் முதல் அத்தியாயத்திலேயே எழுதுங்கள். அதோடு ஒரு ஹெர்பேரியம் தாளைக் கல்லூரியில் எண்ணிட்டு வையுங்கள். அடுத்த ஆண்டு வருகிற மாணவர் அதே செடியை அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும்.